ஏரி மீனும் நீரிலுள்ள பிராணவாயுவும்

(ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவது)

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஏரியோ குளமோ இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. முதலாம் இராஜேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தினருகே வெட்டுவித்துச் சோழகங்கம் என்று பெயரிட்டதும், இப்பொழுது பொன்னேரி என வழங்குவதுமான பேரேரி முதல், பத்துக் குடிகள் மாத்திரம் பாசனம் செய்துகொள்ளும் சிற்றேரி ஈறாக, இவை யாவும் பயிருக்கு நீர் வார்ப்பதற்கென்றே ஏற்பட்டவை. மீன் என்பது ஏரியின் இரண்டாவது விளைவு. எனினும் அவ்விளைவு இக்காலத்தில் அற்பமானதன்று. 1957-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த கட்டாக் நகரில் ஹீராலால் சௌதுரி என்னும் நிபுணர், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சத்தை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதன் பின்னர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் வேண்டிய மட்டும் கிடைக்கலாயின. ஆற்று வெள்ளம் கொண்டுவந்து விடும் மீனையே நம்பியிருந்த ஏரிகளில் இப்பொழுது பணம் கொடுத்து வாங்கிய குஞ்சுகளை விட்டு வளர்க்கிறோம். மீன் பாசி ஏலத்தொகை கிராமத்தின் வருமானத்தில் ஒன்றாகிவிட்டது.

இவ்வாறு எட்டு மாதம் பத்து மாதம் வளர்த்த மீன் முழுவதும் ஒரே இரவில் மாண்டு, பொழுது விடியும்போது கரையோரமெங்கும் வெள்ளை வெளேரென்று ஒதுங்கிக் கிடக்கும் காட்சியைக் கண்ட குத்தகைதாரர் பலர் உண்டு. அப்பொழுது ஊரில் எழும் முதற் சொல் “எவனோ மருந்து கலந்துவிட்டான்” என்பதே. அதனால் விளையும் மனஸ்தாபம் மீன் நஷ்டத்தைக் காட்டிலும் நீண்டகாலம் நிலைத்து நிற்கிறது. இந்நஷ்டங்களிற் பெரும்பாலானவை விஷத்தினாலன்று, நீரில் பிராணவாயு குன்றியதனால் நேரிடுபவை என்பதையும், அவை சொல்லாமல் வருவனவல்ல என்பதையும், அறிகுறிகளை அறிந்த குடியானவர் முன்கூட்டியே வலையிட்டு முதலைக் காத்துக்கொள்ளலாம் என்பதையும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நீருள் அடங்கிய பிராணவாயு

நாம் சுவாசிப்பது போலவே மீனும் ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயுவைச் சுவாசித்தே உயிர் வாழ்கிறது. நீர் என்னும் பொருளே பிராணவாயுவும் ஜலவாயுவும் கூடி ஆனதாயிற்றே, அதில் குறைவு ஏது என்று சிலர் வினவுவதுண்டு. அவ்வாறு கூடியிருக்கும் பிராணவாயு மீனுக்குப் பயன்படாது. சர்க்கரை கரைந்திருப்பது போல நீரில் தனித்துக் கரைந்திருக்கும் பிராணவாயுவையே மீனின் செவுள்கள் பிரித்தெடுக்க வல்லவை.

அவ்வாறு கரையும் அளவோ மிகச் சொற்பம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. 30 டிகிரி (சென்டிகிரேட்) உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நல்ல நீர் தன்னுள் அடக்கிக்கொள்ளக்கூடியது சுமார் 7½ மில்லிகிராமே. அதாவது காற்றில் உள்ளதில் 35-ல் ஒரு பங்கு. அன்றியும் நீர் சூடேற ஏற இவ்வளவும் குறைகின்றது. 20 டிகிரியில் 9 மில்லிகிராம் கொள்ளும் நீர், சித்திரை வெயிலில் 35 டிகிரியாகக் காயும்போது 7 மில்லிகிராமே கொள்ளும். இதற்கு நேர்மாறாக, உஷ்ணம் 10 டிகிரி கூடினால் மீனின் உடலுக்கு வேண்டிய பிராணவாயு ஏறத்தாழ இருமடங்காகிறது. வரவு குறையும் காலத்திலேயே செலவு பெருகும் குடும்பத்தின் நிலைமைதான் கோடைகாலத்து ஏரியின் நிலைமையும்.

லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு இருக்குமாயின் கெண்டை மீன்கள் நன்றாய் இரை தின்று கொழுக்கும். 3-க்கும் 5-க்கும் இடையில் உயிர் தரித்திருக்குமேயன்றி வளர்ச்சி குன்றும். 3-க்குக் கீழ் இறங்கினால் இரை எடாமல் சோர்ந்து மேலே வரும். 1-க்கும் குறைந்து சில மணிநேரம் நீடித்தால் மாண்டுபோகும்.

பகலின் வரவும் இரவின் செலவும்

ஏரிக்குப் பிராணவாயு இரண்டு வழிகளில் வருகிறது. காற்று வீசி அலை எழும்பும்போது மேல்நீரில் கலப்பது ஒரு வழி. நீரிலுள்ள நுண்பாசிகள் சூரிய வெளிச்சத்தில் தாம் உணவு சமைக்கும்போது வெளியிடுவது மற்றொரு வழி. பச்சைத் தாவரங்கள் வெளிச்சத்தில் மாத்திரமே இவ்வாயுவை வெளியிடுகின்றன என்பதை இஞ்சன்ஹௌஸ் என்னும் வைத்தியர் 1779-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நமது ஏரிகளில் பெரும்பகுதி வரவு இப்பாசிகளினாலேயே ஆகும்.

ஆனால் பாசி பகலில் மாத்திரமே உபகாரி. பொழுது சாய்ந்தபின் அதுவும் மீனைப் போலவே பிராணவாயுவைச் செலவிடத் தொடங்குகிறது. மீனும் புழுபூச்சிகளும் செலவிடுகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, அடிச்சேற்றிலுள்ள சாணம், இலை, தழை ஆகியவற்றை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் இரவும் பகலும் ஓயாமல் செலவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3, 4 மணிக்கு ஏரியில் பிராணவாயு உச்ச அளவிலும், விடியற்காலையில் மிகத் தாழ்ந்த அளவிலும் இருக்கும். பகலில் ஏரியைப் பார்வையிட்டு “நீர் நன்றாயிருக்கிறது” என்று எழுதிச் செல்லும் உத்தியோகஸ்தர், மீனின் ஆபத்துக் காலத்தைப் பார்க்கவேயில்லை. மீன் ஏரியைப் பரிசோதிப்பதற்குரிய வேளை கோழி கூவும் வேளையே.

கரும்பச்சையாக நீர் தடித்திருப்பதைக் கண்டு, மீனுக்கு இரை மிகுந்திருக்கிறதென்று மகிழ்பவர் உண்டு. ஓரளவு வரையில் அது மெய். அளவு கடந்த பாசியோ பகலில் வாரி வழங்கி இரவில் வட்டியுடன் திருப்பிக்கொள்ளும் கடன்காரனுக்கு ஒப்பாகும். பாசி ஒரே காலத்தில் அழிந்து மக்கத் தொடங்கினால் வரவு முற்றிலும் நின்று செலவு மாத்திரம் மிஞ்சும்.

அபாயம் மிகுந்த காலங்கள்

இவ்விரு ஜில்லாக்களின் ஏரிகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையினால் நிரம்புபவை. அரியலூர்ப் பக்கத்தில் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீர் பெறும் ஏரிகளும் சில உண்டு. அடியிற்கண்ட நான்கு காலங்களில் குத்தகைதாரர் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

முதலாவது, பங்குனி முதல் வைகாசி வரையில் நீர் வற்றும் காலம். நூறு ஏக்கரில் பரவியிருந்த மீன் பத்து ஏக்கர் பள்ளத்தில் ஒடுங்குகிறது. மீனின் எடையோ முன்னைவிடப் பெருகியிருக்கிறது. இடம் சுருங்கி உயிர் பெருகிய அந்நிலையில் ஒரு நாள் காற்றடங்கினாலும் அபாயமே.

இரண்டாவது, கோடை மழை. கடும் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழை, தரவையிலும் தெருவிலும் கிடந்த சாணத்தையும் வைக்கோலையும் சருகையும் அடித்துக்கொண்டு ஏரியில் சேர்க்கிறது. மேலும், மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீருமாகத் தனித்தனியே படிந்திருந்தவை, மழையாலும் காற்றாலும் திடீரென ஒன்றாய்க் கலக்கின்றன. பிராணவாயு இல்லாத அடிநீர் மேலெழுந்து ஏரி முழுவதையும் கெடுத்துவிடுகிறது. “நல்ல மழை பெய்தும் மீன் செத்ததே” என்று ஜனங்கள் வியப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மூடிய மந்தாரமும் காற்றில்லாப் புழுக்கமும். வெளிச்சமின்றிப் பாசியின் வரவு நிற்கிறது. அலையின்றிக் காற்றின் வரவும் நிற்கிறது.

நான்காவது, ஏரி புதிதாய் நிரம்பும் ஐப்பசி மாதம். கோடையில் ஏரியின் உள்வாயில் தழைத்த புல்லும், நெய்வேலிக் காட்டாமணக்கும், சீமைக் கருவேலின் இலைகளும் நீரில் மூழ்கி அழுகும்போது, அப்பொழுதுதான் விட்ட சிறு குஞ்சுகள் மூச்சின்றி மடிகின்றன. குஞ்சு விட்டும் மீன் தேறவில்லை என்று குஞ்சு விற்றவரைக் குறைகூறுவதற்குமுன் இதையும் ஆராய்தல் நலம்.

மீன் பிடிப்பில் உண்டாகும் மாறுதல்கள்

பிராணவாயு குறையத் தொடங்கியதும் மீன் முதலில் இரையை வெறுக்கிறது. தூண்டிலில் கடி குறைந்தால், மீன் இல்லையென்று எண்ணலாகாது. இரை செரிப்பதற்கும் பிராணவாயு வேண்டுமாதலால் அது தின்ன மறுக்கிறது. அவ்வேளையில் தவிடும் பிண்ணாக்கும் கொட்டுவது, கொட்டிய தீனி அழுகி உள்ளதையும் கெடுப்பதற்கே உதவும்.

அடுத்தபடியாக, ஆழத்தில் மேயும் மீன்கள் அவ்விடத்தை விட்டு மேல்நீருக்கும், மடைவாய்க்கும், வாய்க்கால் நீர் விழும் இடத்துக்கும் வந்து கூடுகின்றன. இறால்கள் கரையோரமாய் ஏறி நிற்கின்றன. விடியற்காலையில் மீன்கள் வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைக் காணலாம். கல்லெறிந்தாலும் அவை ஆழத்துக்கு ஓடா. அப்பொழுது வீச்சுவலை போட்டவனுக்கு எக்காலத்தும் காணாத பாடு கிடைக்கும். அனுபவமற்றவர்கள் இதை அதிருஷ்டம் என்று கொண்டாடுகின்றனர். உண்மையில் அது ஏரி விடுக்கும் கடைசி எச்சரிக்கையாகும்.

கலங்கிய குட்டையில் மீன் பிடித்தல் என்னும் பழமொழியின் உட்பொருளும் இதுவே. கோடையில் நீர் வற்றிய குளங்களில் ஊரார் திரண்டு இறங்கி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு நடத்தும் மீன்பிடித் திருவிழாவில், நூற்றுக்கணக்கானோர் காலால் சேறு கலங்குகிறது. மக்கிய அடிச்சேறு மேலெழுந்து நீரிலுள்ள சொற்பப் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகிறது. சேற்றுத் துகள் செவுளில் படிகிறது. மூச்சுமுட்டிய மீன் தானே மேலே வந்து கைக்கு அகப்படுகிறது. அன்றே குளத்தை ஒட்டப் பிடித்துவிடப் போகிறவர்களுக்கு இது நல்ல முறையே. ஆனால் பாதியைப் பிடித்துப் பாதியை வளர விட நினைப்பவர், வற்றிய ஏரியில் விடியற்காலையில் இழுவலை போட்டுச் சேற்றைக் கிளறுவாராயின், பிடித்த பாதிதான் மிஞ்சும். விட்ட பாதி மறுநாள் மிதக்கும்.

செத்து மிதக்கும் மீனையாவது விற்றுக் காசாக்கலாம் என்பதும் பெரும்பாலும் பகற்கனவே. மூச்சுக்குப் போராடித் துடித்து இறந்த மீனின் சதையிலுள்ள சக்தி முற்றும் செலவழிந்திருப்பதால் அது விரைவில் விறைத்து விரைவிலேயே கெடும். சித்திரை வெயிலில் ஐஸ் இல்லாமல் சில மணிநேரமும் தாங்காது. கண்ணி வலையில் இரவெல்லாம் சிக்கிக் கிடக்கும் மீனுக்கும் இக்கதியே. ஒரே நாளில் டன் கணக்காக மீன் வந்து குவியும்போது வியாபாரி கேட்பதே விலையாகிவிடுகிறது.

நம் எல்லைக்கு அப்பால் நேர்ந்தவை

இது நமது ஏரிகளுக்கு மாத்திரம் உரிய நோயன்று. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூர் நகரத்து அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. நகரத்துச் சாக்கடை நீர் கலந்து மக்கியதால் பிராணவாயு அற்றுப்போன ஏரி அது. கடலுங்கூட இதற்கு விலக்கன்று. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மன்னார் வளைகுடாவில் மண்டபத்தை அடுத்த கடற்பகுதியில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகி நீரைப் பச்சையாக்கிற்று. அது மடிந்து அழுகியபோது நீரின் பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிற்று. மீன்கள் மாண்டு கரை ஒதுங்கியதுமன்றி, இடம்விட்டு ஓடமுடியாத பவளப்பூச்சிகளும் அழிந்தன என்று தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அலபாமா மாகாணத்து மொபைல் குடாவின் கீழ்க்கரையில், கோடைகாலத்துச் சில விடியற்காலைகளில் பிராணவாயு குறைந்த அடிநீர் கரையை நோக்கி நகர்கிறது. அதற்கு அஞ்சி ஓடிவரும் தட்டைமீனும் நண்டும் இறாலும் முழங்காலளவு நீரில் வந்து குவிகின்றன. ஜனங்கள் கூடைகளுடன் ஓடி அவற்றை வாருவர். “ஜூபிலி” என்று அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். கடல் பரந்ததாதலால் அந்நீர் சில மணிநேரத்தில் விலகிப்போகிறது. மீன்களும் திரும்பிச் செல்கின்றன. நமது ஏரி மீனுக்கோ ஓடி ஒளிய வேறு நீர் இல்லை. ஆதலின் அங்கே விழாவாவது இங்கே இழவாகிறது.

விஷமா, மூச்சடைப்பா?

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்தாரும் முக்கியமாய் அறியவேண்டிய பகுதி இது. பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாய்ப் பயிராகும் கரிசல் பூமியில் பூச்சிமருந்து தெளிப்பது சாதாரணம். 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையினால் நிறுத்தப்பட்ட எண்டோசல்பான் மீனுக்குக் கொடிய நஞ்சு. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளும் சிறிதளவிலேயே மீனைக் கொல்ல வல்லவை. எனவே விஷம் என்ற சந்தேகம் எப்பொழுதும் வீண் என்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் இரண்டையும் பிரித்தறிவதற்கு அடையாளங்கள் உண்டு.

பிராணவாயுக் குறைவால் நேரும் சாவு, பின்னிரவில் தொடங்கி வெயில் ஏறியதும் தணியும். விஷத்தால் நேரும் சாவுக்கு வேளை கிடையாது; நண்பகலிலும் தொடரும். மூச்சடைப்பில் பெரிய மீன்கள் முன்னும் சிறியவை பின்னும் சாகும். விஷத்தில் பெரும்பாலும் சிறு மீன்களே முதலிற் சாகும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் மூச்சடைப்பை முதலில் தாங்காதவை. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவையோ வெளிக்காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புகள் பெற்றவை. ஆதலால் கெண்டை முழுவதும் செத்தாலும் இவை உயிருடன் இருக்கும். கடும் விஷமாயின் இவையும் தப்பா. விஷநீரில் நீர்ப்பூச்சிகளும் நுண்பிராணிகளும் சேர்ந்து மடியும். மூச்சடைப்பில் அவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். மூச்சடைத்து இறந்த மீனின் வாயும் செவுள் மூடியும் அகலத் திறந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது சரகத்துக் கரிசல் கிராமமொன்றில் ஏரிமீன் இவ்வாறு மடிந்தது. அடுத்த நிலத்து மக்காச்சோளக்காரர் முதல்நாள் மாலை மருந்துத் தெளிப்பானை ஏரியில் கழுவியதைக் கண்டதாக ஒருவர் சொல்ல, ஊர் இரண்டுபட்டுப் போலீசுக்கு எழுதும் தறுவாயில் இருந்தது. சென்று பார்த்ததில், மாண்டவை பெரும்பாலும் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கட்லாவும் வெள்ளிக் கெண்டையுமே. கரையோரத்துப் புல்லடியில் விரால் குஞ்சுகள் கூட்டமாய்த் தாயுடன் திரிந்துகொண்டிருந்தன. நீர்ப்பூச்சிகள் மேல்நீரில் ஓடின. முந்திய மூன்று நாட்களும் மந்தாரம். பச்சையாயிருந்த நீர் பழுப்பாய் மாறியிருந்தது. மறுநாள் விடியலில் மடையருகே நீர் எடுத்துப் பரிசோதித்தபோது குப்பியில் வீழ்ந்த மண்டி பால்போல் வெளுத்தே இருந்தது. பிராணவாயு ஏறக்குறைய இல்லை என்பதே அதன் பொருள். தெளிப்பானை ஏரியில் கழுவுவது தவறு என்பதை மக்காச்சோளக்காரருக்கு எடுத்துரைத்தோம். மீனைக் கொன்றது அவரல்லர் என்பதைக் குத்தகைதாரரும் ஒப்புக்கொண்டார்.

மேற்சொன்ன பரிசோதனை 1888-ஆம் ஆண்டில் ஹங்கேரி தேசத்து ரசாயன சாஸ்திரி விங்க்லர் என்பவர் கண்டது. காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பிய குப்பி நீரில் இரண்டு ரசாயனத் திராவகங்களைச் சில துளிகள் விட்டால் மண்டி வீழும். பிராணவாயு உள்ள நீரில் அது பழுப்பு நிறமாகும். இல்லாத நீரில் வெண்மையாகவே நிற்கும். இதற்குரிய சிறு பெட்டிகள் இப்பொழுது விலைக்குக் கிடைக்கின்றன. மீன் பாசி ஏலம் விடும் பஞ்சாயத்துகள் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது சாலவும் பொருத்தமாகும்.

மீன் சாவு பற்றி எழுதும் மகஜரில், சாவு தொடங்கிய வேளை, நின்ற வேளை, முந்திய மூன்று நாட்களின் வானிலை, நீரின் நிறமும் நாற்றமும், மாண்ட இனங்கள், பிழைத்த இனங்கள் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். சந்தேகம் இருப்பின் நீரையும், உயிர் போகும் நிலையிலுள்ள மீனை ஐஸில் வைத்தும், தாமதமின்றிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். விஷமன்று என்று தெளியும் வரையில் அம்மீனை மனிதர் உண்ணவோ, கோழிக்கும் நாய்க்கும் போடவோ இடம் கொடுக்கலாகாது. 1999-ஆம் ஆண்டில் பறவைச் சரணாலயமாகவும், 2024-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்ற கரைவெட்டி ஏரியைச் சுற்றிய கிராமங்களில் இவ்விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அங்கு மனிதர் தின்னாத மீனையும் பறவை தின்னும்.

செய்ய வேண்டுவன

1. பங்குனி பிறந்ததும் வாரம் இருமுறையேனும் விடியற்காலையில் ஏரியைச் சுற்றிவருக. முழங்கை வரையில் கையை நீருள் நீட்டினால் உள்ளங்கை தெரியவேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் பாசி மிஞ்சிவிட்டதென்று அறிக. உடனே எருவும் தீனியும் இடுவதை நிறுத்துக.

2. நீர் வற்ற வற்ற மீனையும் குறைத்துக்கொண்டே வருக. விலை ஏறட்டும் என்று முழுவதையும் கடைசிப் பள்ளத்துக்குச் சேர்த்து வைப்பதே நஷ்டத்துக்கு முதற் காரணம். பெரிய கட்லாவையும் வெள்ளிக் கெண்டையையும் முதலிற் பிடிக்கவும்.

3. வற்றிய ஏரியில் மீன் வாய் திறந்து மிதக்கும் காலையில் இழுவலை போடலாகாது. வெயில் ஏறி மீன் ஆழத்துக்குத் திரும்பியபின், சேறு கலங்காத மேட்டுப்புறத்தில் வீச்சுவலையால் பிடிக்கவும்.

4. மீன் மேலே வந்துவிட்டால், எஞ்சின் வைத்து ஏரி நீரையே இறைத்துப் பலகையின் மேலோ துளையிட்ட தகரத்தின் மேலோ விழும்படி செய்து, தூவலாகத் திரும்ப ஏரியில் விடுக. கிணற்று நீர் பாய்ச்சினாலும் இவ்வாறே சிதறி விழச் செய்தல் அவசியம்; ஆழ்ந்த கிணற்று நீரில் பிராணவாயு இயல்பிலேயே குறைவு. சிறு குட்டையாயின் ஆட்கள் மேல்நீரை மூங்கிலால் அடித்துக் கலக்குவதும் பயன் தரும். அடிச்சேறு மாத்திரம் கலங்கலாகாது.

5. பெரிய ஏரி முழுவதற்கும் மூச்சுக் கொடுக்க எந்த எந்திரத்தாலும் இயலாது. ஒரு மூலையில் நல்ல நீர் உண்டாக்கினால் மீன் தானே அங்கு வந்து ஒண்டிக்கொள்ளும். துடுப்புச் சக்கர எந்திரம் வைத்திருப்போர் அதை நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையில் ஓட்டுவது, பகலில் ஓட்டுவதைக் காட்டிலும் மேலானது.

6. ஆகாயத்தாமரையை ஏரியிலேயே அழுகவிடாமல் வெளியே வாரிக் குப்பைக்குழியில் இடுக. ஏரி நிரம்புமுன் உள்வாயிலுள்ள காட்டாமணக்கையும் கருவேலையும் வெட்டி அகற்றுக.

7. கோழிப்பண்ணை எருவையும் சாணத்தையும் ஏரியின் வரத்து வாய்க்காலில் குவிக்கலாகாது. நிலத்துக்கு இட்டால் அது பொன். ஏரியில் சேர்ந்தால் மீனுக்கு யமன்.

மடையும் வலையும்

கடைசியாக ஒரு வார்த்தை. கோடையில் நிற்கும் பயிரைக் காக்க ஆயக்கட்டுதாரர் மடையைத் திறக்கவேண்டும் என்பர். மீனைக் காக்கக் குத்தகைதாரர் மடையை மூடவேண்டும் என்பர். ஏரி பாசனத்துக்கு ஏற்பட்டதாகையால் நீரின்மேல் முதல் உரிமை பயிருக்கே. ஆனால் பயிர்க்காரர் இன்னும் எத்தனை தண்ணீர் எடுப்பார் என்பது குத்தகைதாரருக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தால், ஒவ்வொரு தண்ணீருக்கும் முன் ஒரு வலை போட்டு மீனைக் குறைத்துக்கொள்வதில் அவருக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. சொல்லாமல் ஒரே இரவில் இரண்டடி நீரை இறக்கிவிடுவதே அபாயம். எனவே தை மாதத்திலேயே பஞ்சாயத்தாரும் ஆயக்கட்டுதாரரும் குத்தகைதாரரும் ஒருங்கு கூடி, எந்த மாதத்தில் எவ்வளவு நீர் இறங்கும், எந்த மட்டத்தில் மீன் பிடிப்பு முடியவேண்டும் என்று மடைக்கல்லில் அடையாளமிட்டு முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்வது நலம். இதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுதே.

பயிர் வாடுவதை நாம் கண்ணால் காண்கிறோம். மீன் வாடுவது நீருக்குள் நிகழ்வதால் தெரிவதில்லை. ஆயினும் விடியற்காலையில் நீர்மட்டத்தில் திறக்கும் அதன் வாயைக் காண்போர்க்கு அதுவும் தெரியும். அதை அறிந்து நடக்கும் கிராமத்தில் ஏலத்தொகையும் குறையாது; அண்டை அயலாரிடம் வீண் பகையும் மூளாது.